பட்டயமா, முதுகலையா, ஒரு தாள் போதுமா? பெரியவர்களுக்குக் கற்பிப்பவர்களின் பகுதி நேரப் படிப்பு

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் ஓர் அம்மா இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கையில் ஏதாவது படிவத்தைக் கொடுத்தால் உடனே பையைத் துழாவுவார். "கண்ணாடியை வீட்டிலேயே வெச்சிட்டு வந்துட்டேன் டீச்சர், நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க." மூன்று வாரம் நம்பினேன். நான்காவது வாரமும் அதையே சொன்னார். கண்ணாடி அவர் மூக்கின் மேல் இருந்தது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே பாதிப் பேருக்கு அந்தப் பொய்யின் அருமை தெரியும்.

நானும் ஒன்றும் சொல்லாமல் படிவத்தை வாங்கிப் படித்துக் காட்டினேன். ஒன்பது வருஷமாகப் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு, அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்றிரவுதான் பல்கலைக்கழகங்களின் பகுதி நேரப் படிப்புகளைத் தேட ஆரம்பித்தேன். தேடியதில் தெரிந்துகொண்டதும், ஒருமுறை சேர்ந்து பாதியில் விட்டதும், பிறகு மறுபடி சேர்ந்ததும்தான் இந்தக் கட்டுரை. எழுத்தறிவு வகுப்பு நடத்துபவர், மொழி கற்பிப்பவர், நிறுவனத்தில் பயிற்சி கொடுப்பவர், மருத்துவமனையில் புதிய செவிலியர்களைப் பழக்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தேடும்போதே முதல் தடுக்கல் பெயரில் வரும். தமிழில் இந்தத் துறையை ரொம்ப காலம் 'முதியோர் கல்வி' என்றே சொல்லி வந்தோம். இருபத்து நான்கு வயதுப் பையனிடம் போய் "முதியோர் கல்வியில் சேருகிறாயா" என்று கேட்டால் என்ன நினைப்பான்? இப்போது 'வயது வந்தோர் கல்வி' என்கிறோம். பல்கலைக்கழகங்களோ ஒரே விஷயத்தை வாழ்நாள் கல்வி, தொடர் கல்வி, சமூகக் கல்வி, மனிதவள மேம்பாடு என்று வெவ்வேறு துறைகளில் ஒளித்து வைத்திருக்கும். ஒரு பெயரில் மட்டும் தேடி, 'நமக்கான படிப்பே இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

சரி, என்னென்ன கிடைக்கும்? ஒரே ஒரு தாளை மட்டும் எடுத்துப் படிக்கலாம். சில தாள்கள் சேர்ந்த சான்றிதழ் படிக்கலாம். முதுநிலைப் பட்டயம். அதற்கு மேல் ஆய்வேட்டோடு முதுகலை. கடைசியில் முனைவர் பட்டம். முனைவர் பட்டத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன்: பகுதி நேரத்தில் ஐந்தாறு வருஷம் கேட்கும், அத்தனை வருஷம் உங்களை விடாமல் அரிக்கும் கேள்வி ஒன்று இருந்தால் மட்டும் போங்கள். ஆய்வைவிடத் தொழிலோடு நெருக்கமாக இருக்க விரும்புபவர்களுக்காகவே கல்வியியலில் தனியான முனைவர் பட்டம் உண்டு. ஹார்வர்டு 1920களின் தொடக்கத்திலேயே அதைக் கொண்டுவந்தது. மற்றவர்களின் தேர்வு மீதி நான்குக்குள்தான்.

அந்த நான்கையும் ஒப்பிட எல்லோரும் முதலில் பார்ப்பது கட்டணத்தை. நான் மணிக்கணக்கைப் பார்க்கச் சொல்வேன். கிரெடிட் எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் கிரெடிட் என்பது ஊருக்கு ஊர் வேறு அளவு. பிரிட்டனில் ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேரப் படிப்பு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. ஐரோப்பிய முறையில் 25 முதல் 30 மணி. அந்த முறையில் முழுநேர மாணவருக்கு ஓராண்டுக்கு 60 கிரெடிட். ஆக '20 கிரெடிட்' என்று போட்டிருந்தால் ஓரிடத்தில் 200 மணி, இன்னோரிடத்தில் 600 மணி. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

பிரிட்டன் கணக்கை எடுத்துக்கொண்டால் முதுநிலைச் சான்றிதழ் 60 கிரெடிட், பட்டயம் 120, முதுகலை 180. அதாவது 600, 1,200, 1,800 மணி. 'பகுதி நேரம், இரண்டே ஆண்டுகள்' என்று ஒரு முதுகலைப் படிப்பின் விளம்பரம் சொன்னால், வகுத்துப் பாருங்கள்: லீவே இல்லாமல் வாரம் 17 மணிக்கு மேல் வருகிறது. வேலை, வீடு எல்லாம் பார்த்த பிறகு 17 மணி! விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண் எப்போது தூங்குகிறார் என்று கேட்கத் தோன்றும்.

நான் செய்து பார்த்த ஒரு சோதனை: சேருவதற்கு முன் மூன்று வாரம், வாரம் 10 மணி நேரத்தை ஒதுக்கி, சம்பந்தப்பட்ட எதையாவது படிப்பது என்று வைத்துக்கொண்டேன். ஓடிய நேரத்தை ஒரு தாளில் குறித்தேன். முதல் வாரம் 6 மணி. இரண்டாவது வாரம் 9. மூன்றாவது வாரம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், வெறும் 4. சராசரி ஏழுகூட வரவில்லை. தாராளமாக ஏழு என்றே வைத்தாலும் சான்றிதழுக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல், பட்டயத்துக்கு மூன்றேகால், முதுகலைக்கு ஏறக்குறைய ஐந்து வருஷம். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, 'பதிவு செய்ததிலிருந்து எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்' என்ற விதியைப் பாருங்கள். அதிகபட்ச காலம் உங்கள் கணக்கைவிடக் குறைவு என்றால் அந்தப் படிப்பு உங்களுக்கில்லை.

அடுத்தது எந்த முறையில் படிப்பது என்ற கேள்வி. இதில் நம் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது; படிப்பு ஆலோசகர்கள் அதைச் சொல்வதில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்காக என்று பல்கலைக்கழகம் வகுப்புகளை மாலையிலும் சனி, ஞாயிறிலும் வைக்கும். ஆனால் நம்மிடம் படிக்க வருகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்கள்தான். அவர்களுக்கும் மாலையும் வாரக்கடைசியும்தான் ஒழியும். அதனால் நமக்கு வேலையே அப்போதுதான்! மாலை நேரப் படிப்பில் சேர்ந்தால் நாம் மாணவராக உட்கார்ந்திருக்கும் அதே நேரத்தில் நம் வகுப்பு ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மொழி ஆசிரியர் இதற்கு நல்ல வழி கண்டார். முழுநேர மாணவர்களுக்கான பகல் வகுப்பிலேயே செமஸ்டருக்கு ஒரு தாள், இரண்டு தாள் என்று பகுதி நேரமாகப் பதிவு செய்துகொண்டார். பல இடங்களில் இதற்கு அனுமதி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள்.

தொலைநிலைக் கல்வியில் இந்த மோதல் வராது. அது பழைய வழியும்கூட: லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே வெளியிலிருந்து படித்துப் பட்டம் வாங்கும் வழியைத் திறந்துவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் தொடங்கி 1971-ல் முதல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தது. நேரம் உங்கள் கையில். தனிமையும் உங்கள் கையில். நான் முதலில் சேர்ந்தது இப்படி ஒன்றில்தான். புத்தகக்கட்டு வந்தது. முதல் மாதம் மூன்று நிற பேனாவில் அடிக்கோடு போட்டேன். நான்காவது மாதம் அந்தக் கட்டு லேப்டாப்புக்கு அடியில் உயரம் கூட்டிக்கொண்டிருந்தது. அனுப்பிய அசைன்மென்ட் திரும்பி வந்தபோது '14/20' என்று ஓர் எண்ணும் பக்கத்துக்கு ஒரு டிக்கும் இருந்தன. ஒரு வாக்கியம்கூட இல்லை. என்னிடம் படிக்கும் ஒருவருக்கு நான் இப்படித் திருத்திக் கொடுத்திருந்தால் அடுத்த வாரம் வர மாட்டார். நானும் போகவில்லை. தப்பு என்மேலும் உண்டு. சேருவதற்கு முன்பே, 'அசைன்மென்ட்டைத் திருத்துபவர் என்ன எழுதித் தருவார், எத்தனை நாளில் தருவார்' என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவில், வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு வாரம் போய்த் தங்கி, காலை முதல் மாலை வரை வகுப்பு, மற்ற மாதங்களில் வீட்டிலிருந்து வாசிப்பு என்ற முறை இருக்கிறது. வகுப்புகளுக்கு விடுமுறைக் காலம் உள்ளவர்களுக்கு இது கச்சிதம். அந்த ஒரு வாரத்தில் கிடைக்கும் நாலு பேர்தான் பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு, "இந்தக் கேள்வி உனக்குப் புரியுதா?" என்று கேட்க இருப்பார்கள். நேரலை இணைய வகுப்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பதிவு செய்து வைப்பார்களா, வருகைப்பதிவு கட்டாயமா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

இனி என் கணிப்பில் எல்லாவற்றையும்விட முக்கியமானது: அசைன்மென்ட் கேள்வி. எந்தப் படிப்பாக இருந்தாலும் போன வருஷக் கேள்விகளில் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வகை இருக்கும். "ஆண்ட்ரகோஜியின் அடிப்படைக் கருத்துகளை விளக்குக" என்பது ஒன்று (ஆண்ட்ரகோஜி என்றால் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் கலை). "உங்கள் வகுப்பில் ஒருவர் பங்கெடுக்காமல் ஒதுங்கிய ஒரு தருணத்தை விவரித்து, நீங்கள் படித்த ஏதேனும் ஒரு கோட்பாடு அதை எந்த அளவுக்கு விளக்குகிறது, எங்கே விளக்கத் தவறுகிறது என்று எழுதுக" என்பது இன்னொன்று. முதல் வகைக்கு உங்கள் செவ்வாய்க்கிழமை வகுப்பு ஓர் இடைஞ்சல். அது முடிந்த பிறகுதான் படிக்க உட்கார முடியும். இரண்டாம் வகைக்கு அந்த வகுப்பே பாடப் பொருள். வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது யோசிப்பதும் படிப்புக் கணக்கில் சேரும். என் ஏழு மணி நேரம் பத்தாக நீண்டது இப்படித்தான். நேரமில்லாதவர்கள் சின்னப் படிப்பாகத் தேடுகிறார்கள். இந்த இரண்டாம் வகைக் கேள்வி உள்ள பெரிய படிப்பு, முதல் வகை உள்ள சின்னப் படிப்பைவிட இலகுவாகப் போகும்.

ஆண்ட்ரகோஜி என்று சொல்லிவிட்டேன். அதை வைத்தே ஒரு படிப்பின் தரத்தைப் பார்க்கலாம். இந்தச் சொல்லை ஜெர்மானிய ஆசிரியர் அலெக்சாண்டர் காப் 1833-ல் பயன்படுத்தினார். அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ். பெரியவர்கள் கற்கும் விதம் வேறு, சிறுவர்கள் கற்கும் விதம் வேறு என்பது அவர் வாதம். 1970-ல் வந்த அவருடைய புத்தகத்தின் துணைத்தலைப்பு, பெரியவர் கல்வியைக் குழந்தைக் கல்விக்கு 'எதிராக' நிறுத்தியது. 1980 பதிப்பில் அதே துணைத்தலைப்பைக் குழந்தைக் கல்வி'யிலிருந்து' பெரியவர் கல்வி'க்கு' என்று மாற்றிவிட்டார். இடையில் ஆசிரியர்கள் பலர், இந்த வழிகள் சிறுவர்களிடமும் எடுபடுகின்றன, பெரியவர்களிலும் சிலருக்குப் பழைய முறைதான் சரிப்படுகிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு படிப்பு நோல்ஸின் கருத்துகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தால் அது பத்தாண்டு பின்தங்கியிருக்கிறது. அதுவும் நோல்ஸுக்கே பின்னால். அவர் ஏன் மனம் மாறினார் என்று கேட்கும் படிப்பு எங்கிருந்தாலும் சேரலாம்.

வாசிப்புப் பட்டியலும் நிறையப் பேசும். டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் எழுதத் தொடங்கிய பயிற்சி மதிப்பீட்டின் நான்கு நிலைகள் முன்வரிசையில் இருந்தால் அது நிறுவனப் பயிற்சியாளர்களுக்கான படிப்பு. பெயரில் 'வாழ்நாள் கல்வி' என்று இருந்தாலும் சரி. பிரேசிலின் பாலோ ஃப்ரெய்ரே முன்னால் நின்றால் கல்வியைச் சமூக மாற்றத்தோடு சேர்த்துப் பார்க்கும் துறை. 1963-ல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 பேருக்கு, அவர்களுடைய அன்றாடச் சொற்களிலிருந்தே எழுத்துக் கற்பித்தவர் அவர். ஜாக் மெசிரோ இருந்தால் படிப்பு உங்களையும் விட்டுவைக்காது: நடுவயதில் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்துதான் 1978-ல் அவர் தன் உருமாற்றக் கற்றல் கோட்பாட்டை முன்வைத்தார்: பழகிய எண்ணங்கள் குழம்பும்போதுதான் பார்வையே மாறத் தொடங்குகிறது என்பது அது. இருபது வருஷம் கழித்து மறுபடி மாணவராகி நீங்கள் அடையாள அட்டையோடு நூலக வாசலில் நிற்கும்போது அவர் சொன்ன குழப்பம் என்னவென்று புரியும். இதில் எது உயர்ந்தது என்று கேட்காதீர்கள். தொழிற்சாலைப் பயிற்சியாளர் ஃப்ரெய்ரே படிக்கக்கூடாதென்று இல்லை, ஆனால் அடுத்த மாதம் அவர் மேலாளர் கேட்கப்போவது பயிற்சியால் என்ன மாறியது என்ற கணக்கைத்தான்.

இன்னொரு கேள்வி, கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்: "எத்தனை மணி நேரம் ஒருவர் என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, நான் நடத்துவதைப் பார்த்துச் சொல்வார்?" முதுகலைப் படிப்புகள் பலவற்றில் பதில் பூஜ்யம். 1,800 மணி நேரம் படித்தும், நாம் பாடம் நடத்துவதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். இதோடு ஒப்பிட, பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்ட்டா என்ற சிறிய தகுதிப் படிப்பைப் பாருங்கள். குறைந்தது 120 மணி நேர வகுப்புதான்; ஆனால் அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன் நின்று நடத்த வேண்டும், பயிற்சியாளர் பார்த்துக் குறிப்பெழுதுவார். புதிதாக வந்தவருக்கு இது முதுகலையைவிடப் பயன்படும் என்று தயங்காமல் சொல்வேன். பத்து வருஷம் நடத்தியவருக்கும் பயன்படும். நம் வகுப்பைக் கடைசியாக யார் பார்த்தார்கள்?

பட்டயத்துக்கும் முதுகலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஆய்வேடு ஒன்றுதான். தாள்கள் ஒன்றாகவே இருக்கும். அதனால் பட்டயம் முடித்ததும் அதோடு நிறுத்திக்கொள்ளவோ, ஆய்வேடு எழுதி முதுகலையாக மாற்றிக்கொள்ளவோ இடம் தரும் படிப்பையே தேர்ந்தெடுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு தாள் எடுப்பவர்களும் அந்தத் தாளைப் பின்னால் பட்டயத்தில் சேர்த்துக்கொள்ள முடியுமா, எத்தனை வருஷம் வரை செல்லும் என்று எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. சம்பள உயர்வுக்காகப் படிப்பவர்கள் மட்டும் வேறு கணக்குப் போட வேண்டும்: எந்தப் பெயருள்ள பட்டம் செல்லும் என்று முதலாளியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள். மற்ற அளவுகோல் எதுவும் அங்கே எடுபடாது.

அனுபவத்துக்குக் கிரெடிட் தரும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாடத்திட்டங்கள், வகுப்புக் குறிப்புகள், சான்றுகள் எல்லாவற்றையும் கோப்பாகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி முடிப்பதற்குள் அந்தத் தாளையே படித்து முடித்திருக்கலாம். பழைய குறிப்புகளை ஒழுங்காக வைத்திருப்பவர் என்றால் முயலுங்கள். நான் அந்த ரகமில்லை.

நான் கடைசியில் சேர்ந்தது ஒரு பட்டயப் படிப்பில். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு வாரத் தங்கல் வகுப்பு, மூன்று முறை வகுப்புக்கு வந்து பார்ப்பார்கள், அசைன்மென்ட் எல்லாம் இரண்டாம் வகை. முதல் அசைன்மென்ட்டே கண்ணாடி அம்மாவைப் பற்றித்தான். பெயரை மாற்றி எழுதினேன். திருத்தியவர் ஓரத்தில், 'படிவத்தை வாங்கிப் படித்துக் காட்டியதன் மூலம் அவருடைய மானத்தைக் காத்தீர்களா, உங்கள் சங்கடத்தைக் காத்தீர்களா?' என்று எழுதியிருந்தார். மதிப்பெண் என்னவென்று மறந்துவிட்டது.

இப்போது பட்டயம் முடியும் தறுவாயில் இருக்கிறேன். ஆய்வேடு எழுதுவதா வேண்டாமா என்பதுதான் பாக்கி. எழுதினால் என் வகுப்பையே ஆராய விருப்பம். அப்படியென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறக்குழு ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கெடுக்கும் ஒவ்வொருவரும் ஆய்வின் நோக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவமும் வேண்டும். இந்தத் துறையில் ஆய்வேடு எழுத நினைப்பவர்கள் இதற்கே சில மாதங்களை ஒதுக்கி வையுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, சம்மதத்தைக் குரலாகப் பதிவு செய்யவும் குழுக்கள் இடம் தருவதுண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

படிவத்தின் மாதிரி மேசைமேல் இருக்கிறது. இரண்டு பக்கம், நெருக்கமான எழுத்து. நேற்று ராத்திரி அதை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். 'மேற்கண்ட விவரங்களை முழுமையாகப் படித்தறிந்து' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று வருகிற செவ்வாய்க்கிழமை அவரிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன்.